வெள்ளைநெற்றியும் கஷ்தான்காவும்: வாசகர் கேள்வி – பதில்

ருஷ்யக் கதைகளில் வரும் நாய், குதிரை, பூனை ஆகியவற்றின் பெயர்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது என்ன ஆகின்றன என்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மனிதர்களின் பெயரை மொழிபெயர்ப்பதில்லை என்ற பொது வழக்கம் விலங்குகளிடம் வந்ததும் தடுமாறிவிடுகிறது. ருஷ்யாவில் நாய்க்கும் குதிரைக்கும் வைக்கும் பெயர் பெரும்பாலும் அதன் நிறத்தையோ நடையையோ குணத்தையோ சொல்லும் சாதாரணச் சொல்லாகவே இருப்பதுதான் காரணம்.

கேள்வி: கான்ஸ்டன்ஸ் கார்னெட் ஆங்கிலத்தில் தந்த செகாவ் கதைகளைப் படித்துவருகிறேன். ஒரே தொகுப்பில் அடுத்தடுத்து இரண்டு நாய்க் கதைகள் வருகின்றன. ஒரு நாயின் பெயர் 'ஒயிட்ப்ரோ' என்று ஆங்கிலமாகிவிட்டது. மற்றதன் பெயர் 'கஷ்தான்கா' என்று ருஷ்யமாகவே நிற்கிறது. இது கவனக்குறைவா, கொள்கையா?
— கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் அந்தப் பெயர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் கார்னெட் செய்தது பெரும்பாலும் சரியென்றே படுகிறது.

'கஷ்தான்' என்றால் கஷ்கொட்டை. கஷ்தான்கா என்பது அந்தக் கொட்டையின் செம்பழுப்பு நிறத்தை வைத்து அழைக்கும் பெயர். ஆனால் நிறம் தெரியவேண்டும் என்பதற்காகப் பெயரை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் இந்தக் கதையில் எழவே இல்லை. டாக்ஸ்ஹண்டுக்கும் தெருநாய்க்கும் பிறந்த செந்நிற இளம் நாய், முகம் நரியை ஒத்தது என்று முதல் வாக்கியத்திலேயே செகாவ் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு பெயருக்கு மிஞ்சியிருக்கும் வேலை கூப்பிடப்படுவது மட்டும்தான். தச்சர் லுக்காவின் அந்த நாய் தெருவில் வழிதவறி, ஒரு சர்க்கஸ் கோமாளியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வேறொரு பெயரைப் பெற்று, வித்தை பழகி, முதல்முறையாக அரங்கில் இறங்குகிறது. அப்போது மேல்தட்டிலிருந்து லுக்காவின் மகனும், குடித்துக் கரகரத்த குரலில் லுக்காவும் பழைய பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள். நாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தக் குரல்களை நோக்கி ஓடுகிறது. நாயின் காதுக்குத் தெரிந்தது அந்த ஒலிதான், பொருளில்லை. அந்த இடத்தில் 'செஸ்ட்நட்!' என்று கூவியிருந்தால் ஆங்கில வாசகர் ஒரு கணம் கொட்டையை நினைத்திருப்பார்.

இதே கதையில் கோமாளி வைக்கும் புதிய பெயரைக் கார்னெட் மொழிபெயர்த்திருக்கிறார் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ருஷ்ய மூலத்தில் அது 'த்யோத்கா', அதாவது அத்தை, ஆங்கிலத்தில் 'ஆன்ட்டி'. அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கும் வாத்துக்கு இவான் இவானிச் என்றும், பூனைக்கு ஃபியோதர் திமஃபேயிச் என்றும், பன்றிக்கு ஹவ்ரோன்யா இவானவ்னா என்றும் தந்தைவழிப் பெயரோடு சேர்த்து, அலுவலகத்தில் மேலதிகாரியை அழைப்பதுபோல மரியாதைப் பெயர்கள். அவர்களுக்கு நடுவே வந்து சேர்ந்த அனாதை நாய்க்கு உறவுமுறையே பெயராகிறது. இந்த வேடிக்கை பொருள் தெரிந்தால் மட்டுமே புரியும். எனவே அதை மொழிபெயர்த்தது நியாயம். ஆக, ஒரே நாயின் இரண்டு பெயர்களில் ஒன்று ஒலியாகவும் மற்றது பொருளாகவும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கின்றன. கதையும் அந்த இரண்டு பெயர்களுக்கு இடையிலான இழுபறிதான்.

'ஒயிட்ப்ரோ'வின் ருஷ்ய மூலமான 'பிலலோபி' கதைக்கு வருவோம். பசித்த தாய் ஓநாய் ஒன்று மார்ச் மாத இரவில் ஆட்டுக் கொட்டகையின் கூரையைப் பிய்த்து உள்ளே இறங்கி, ஆட்டுக்குட்டி என்று எண்ணி ஒரு நாய்க்குட்டியைக் கவ்விக்கொண்டு வந்துவிடுகிறது. கதை ஓநாயின் கண்வழியே நகர்வதால் குட்டிக்குப் பெயரில்லை. நெற்றியில் வெள்ளைத் திட்டு உள்ள குட்டி என்பதுதான் அதன் அடையாளம். கதையின் கடைசியில்தான் காவல்கார இக்னாத் கிழவர், கூரை பிய்ந்ததற்குக் காரணம் 'பிலலோபி'தான் என்று ஓநாயின் குற்றத்தையும் சேர்த்து அதன் தலையில் கட்டுகிறார். 'பேலி' என்றால் வெள்ளை, 'லோப்' என்றால் நெற்றி. அவர் யாரைச் சொல்கிறார் என்று வாசகருக்கு அந்த நொடியிலேயே புரியவேண்டும். பெயரை ருஷ்யமாக விட்டிருந்தால் கிழவர் வேறு ஏதோ நாயைப் பற்றிப் பேசுகிறார் என்றே ஆங்கில வாசகர் எண்ணியிருப்பார், கதையின் சிரிப்பும் போயிருக்கும்.

அதே கொட்டகையில் 'அராப்கா' என்ற பெரிய கறுப்பு நாயும் இருக்கிறது. அந்தப் பெயரைக் கார்னெட் தொடவில்லை. கறுப்பு என்று வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. 'அராப்' என்பது கறுத்த தோலுடைய மனிதரைக் குறிக்கும் பழைய ருஷ்யச் சொல் என்பதால், பொருளைத் தேடிப் பிடித்து மொழிபெயர்த்திருந்தால் இன்றைய பதிப்பாளர் அதை நீக்கச் சொல்லியிருப்பார்.

கேள்வி: டால்ஸ்டாயின் குதிரைக் கதை சில பதிப்புகளில் 'ஹொல்ஸ்தமேர்' என்றும் சிலவற்றில் 'ஸ்ட்ரைடர்' என்றும் இருக்கிறதே, எது சரி?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: 1886-இல் வெளியான கதை அது. அமெரிக்கரான நேதன் ஹாஸ்கல் டோல் ருஷ்ய ஒலியைத் தக்கவைத்து 'ஹொல்ஸ்தமீர்' என்றே விட்டார். லூயீஸ் மாட், ஏல்மர் மாட் தம்பதியர் 'ஸ்ட்ரைடர்' என்றார்கள். நான் மாட் தம்பதியரின் பக்கம்.

'ஹோல்ஸ்த்' என்றால் துணி. 'மேரித்' என்றால் அளப்பது. ஜவுளிக்காரர் துணியை நீட்டி நீட்டி முழம் போடுவதுபோல எட்டு வைத்து ஓடும் குதிரை என்று பொருள். இந்தப் பெயர் பதிவேட்டில் உள்ள பெயரன்று. தன் நீண்ட வீச்சான நடைக்கு ருஷ்யாவிலேயே இணையில்லாததால் கூட்டத்தார் தனக்கு இப்படிப் பெயரிட்டார்கள் என்று குதிரையே தன் வாயால் சொல்கிறது. இந்த வாக்கியம்தான் முடிவை நிர்ணயிக்கிறது. பெயருக்கான காரணத்தைக் கதையே சொல்லும்போது பெயர் புரியாத ஒலியாக நின்றால், 'அதனால் எனக்கு இப்படிப் பெயர்' என்ற வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். 'ஸ்ட்ரைடர்' என்றால் நீண்ட எட்டு வைப்பவன். வாக்கியம் நிலத்தில் நிற்கிறது. துணியும் முழக்கோலும் போய்விட்டன என்பது இழப்புதான். ஆனால் துணி அளப்பதையும் ஓடுவதையும் ஒரே சொல்லில் கட்டும் வழி ஆங்கிலத்தில் இல்லை. இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டுமென்றால் ஓட்டத்தை வைத்துக்கொள்வதே முறை.

எனக்குள்ள குறை வேறொரு இடத்தில். இந்தக் குதிரையின் வம்சாவளிப் பெயர் 'முழீக்'. தாயின் பெயர் 'பாபா'. முழீக் என்றால் குடியானவன், பாபா என்றால் குடியானவப் பெண். உயர்ந்த வம்சத்துக் குதிரைகளுக்குப் பண்ணையாள்களின் பெயர்! நிலமும் குதிரையும் மனிதரும் 'என்னுடையது' என்று சொல்லப்படுவதைக் குதிரையின் வாயாலேயே கேலி செய்யும் கதையில் இது தற்செயல் அன்று. மாட் தம்பதியர் தந்தைக் குதிரையின் பெயரான 'லியுபேஸ்னி'யை 'அஃபபிள்' (இனிமையாகப் பழகுபவன்) என்று மொழிபெயர்த்துவிட்டு, முழீக்கையும் பாபாவையும் அப்படியே விட்டுவிட்டார்கள். முழீக் ஆங்கில அகராதிகளில் ஏறிவிட்ட சொல், பாதகமில்லை. ஆனால் பாபா என்பது ஆங்கிலக் காதில் குழந்தைப் பேச்சாகவே விழும். வம்சாவளியில் ஒரு பெயரைத் தொட்டால் அதன் பக்கத்துப் பெயர்களையும் தொடவேண்டும் என்பது என் எண்ணம்.

இதே தம்பதியர் 'போரும் அமைதியும்' நாவலின் வேட்டைப் பகுதியில் நாய்களின் பெயர்களை மொழிபெயர்க்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிக்கலாயின் 'மில்கா' (செல்லம்), 'மாமா' என்று எல்லாரும் அழைக்கும் எளிய நிலக்கிழாரின் 'ருகாய்' (திட்டு!) எல்லாம் ருஷ்யமாகவே இருக்கின்றன. ஊரையே விலையாகக் கொடுத்து வாங்கிய சீமை நாய்களைப் பின்னுக்குத் தள்ளி மாமாவின் ருகாய் முயலைப் பிடிக்கும்போது, அவர் 'ருகாய்!' என்றும், செல்லமாக 'ருகாயுஷ்கா!' என்றும் கத்துகிறார். திறந்த வெளியில் காற்றை மீறிக் கேட்க வேண்டிய பெயருக்கு நீண்ட உயிரொலிதான் தேவை. அங்கே 'ஸ்கோல்டு' என்று கத்தினால் பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது.

கேள்வி: பெயரை அப்படியே விட்டுவிட்டு அடிக்குறிப்பில் பொருள் தந்தால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடுமே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தீராது. சிரிக்க வேண்டிய இடத்தில் பக்கத்தின் அடிக்குப் போய்விட்டு வந்து சிரிப்பவர் யாருமில்லை. பல சமயம் அடிக்குறிப்புக்கான தேவையே இருக்காது. 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் சிறுவன் இல்யூஷா, ரொட்டிக்குள் குண்டூசி வைத்துக் கொடுத்த நாயின் பெயர் 'ஷூச்கா'. பின்னால் கோல்யா அழைத்துவரும் நாயின் பெயர் 'பெரிஸ்வோன்'. முதலாவது சின்ன வண்டு, இரண்டாவது மணிகளின் தொடர்நாதம். ஆனால் கதைக்கு வேண்டியது இவை இரண்டும் வேறு வேறு நாய்கள் என்று வாசகர் நம்புவதும், பிறகு இரண்டும் ஒன்றே என்று தெரிந்து திகைப்பதும்தான். இரண்டு வெவ்வேறு ஒலிகள் இருந்தால் அதற்குப் போதும். வண்டும் மணியும் எந்த வேலையும் செய்யவில்லை.

கேள்வி: கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' நாவலில் ஒரு பத்தி நிறைய நாய்ப் பெயர்கள் வருகின்றன. அதை எப்படித்தான் மொழிபெயர்ப்பது?
— வாசகி, மதுரை

பதில்: நான்காம் அத்தியாயத்தில் நஸ்த்ரியோவ் தன் நாய்ப்பட்டியைக் காட்டும் இடத்தைச் சொல்கிறீர்கள். பொய்யும் சூதாட்டமுமாகத் திரியும் அந்த மனிதன் நாய்களுக்கு நடுவே மட்டும் குடும்பத்தின் நடுவே நிற்கும் தந்தையைப் போல நிற்கிறான் என்று கோகோல் எழுதுகிறார். அதற்கு முன்னால் பெயர்கள் வரிசையாகக் கொட்டுகின்றன: ஸ்த்ரெல்யாய் (சுடு), ஒப்ருகாய் (திட்டித் தீர்), பர்ஹாய் (படபடத்துப் பற), பழார் (தீவிபத்து), தப்பேகாய் (நச்சரி), ப்ரிப்பேகாய் (சுட்டெரி), இன்னும் பல. கடைசியில் பெண் நாய்கள்: கசாத்கா (தகைவிலான் குருவி), நக்ராதா (வெகுமதி), பப்பிச்சீத்தெல்னித்சா. இந்தக் கடைசிப் பெயருக்கு, தர்ம ஸ்தாபனங்களின் புரவலராக இருக்கும் சீமாட்டி என்று பொருள்.

பெரும்பாலான பெயர்கள் ஏவல் வினைகள் என்பதைப் பாருங்கள். வேட்டைநாய்க்கு இப்படி ஏவலையே பெயராக வைப்பது ருஷ்ய வழக்கம். மேலே சொன்ன ருகாயும் அந்த இனம்தான். ஆங்கிலேயருக்கும் வேட்டைநாய்ப் பெயர் மரபு ஒன்று உண்டு: ரேண்டர், ரிங்வுட், பெல்மேன் என்பவை தலைமுறை தலைமுறையாக வருபவை. இவற்றை எடுத்துப் போட்டால் வாசிப்பு வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் நஸ்த்ரியோவின் பட்டி இங்கிலாந்தின் ஏதோ ஒரு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். பெயர்களை ருஷ்யமாகவே விட்டால் ஒன்றும் புரியாத அசைகள் ஒரு பத்திக்கு நீளும். எனவே இங்கே மொழிபெயர்த்தே ஆகவேண்டும், அதுவும் ஏவலாகவே. இந்த நாய்களில் எதுவும் பிறகு கதையில் தனியாக வந்து நம் கவனத்தைக் கேட்பதில்லை; பட்டியல் பட்டியலாகவே தீர்ந்துபோகிறது. ஆகவே ஒவ்வொரு பெயரின் நுணுக்கத்துக்காகவும் மயிர்பிளக்க வேண்டியதில்லை. திட்டும் தீயும் நச்சரிப்பும் ஓடிவந்து, முடிவில் சமூகப் பெருமை மிக்க ஒரு சீமாட்டியில் முட்டி நிற்கும் வேகம் வந்துவிட்டால் போதும். அந்த முட்டல்தான் நகைச்சுவை. அந்தக் கடைசிப் பெயரை வெறும் 'காவலாளி' என்று சுருக்கிவிடும் மொழிபெயர்ப்பாளர் முழுப் பட்டியலையும் வீணாக்குகிறார்.

அதே நாவலின் நாயகன் சிச்சிக்கவின் வண்டியில் பூட்டிய மூன்று குதிரைகளையும் மறந்துவிட வேண்டாம். இரண்டுக்கு உடல் நிறமே பெயர். மூன்றாவதன் பெயர் 'ஸசெதாத்தெல்', ஓர் அரசுப் பதவியின் பெயர். அந்தப் பதவியிலிருந்த ஓர் அதிகாரியிடமிருந்து வாங்கியதால் குதிரைக்கும் அந்தப் பதவியே பெயராயிற்று. 'அசெஸர்' என்று ஆங்கிலப்படுத்துவது வழக்கம். இன்றைய ஆங்கில வாசகர் வரி மதிப்பீட்டாளர் என்று எண்ணக்கூடும், ஆனாலும் வண்டிக்காரன் செலிஃபான் ஓர் அரசு அலுவலரின் பெயரால் குதிரையை அழைத்து உபதேசம் செய்வது நிலைத்துவிடுகிறது.

கேள்வி: செகாவின் 'வெட்டுக்கிளி' என்ற கதையை ஆங்கிலத்தில் படித்தேன். அதில் வெட்டுக்கிளியே இல்லையே?
— வாசகர், ஈரோடு

பதில்: ருஷ்யத் தலைப்பிலும் இல்லை. 1892-இல் வந்த அந்தக் கதையின் பெயர் 'பப்ரிகூன்யா', அதாவது துள்ளித் திரிபவள். கிரிலோவ் 1808-இல் வெளியிட்ட நீதிக்கவிதையில் கோடை முழுவதும் பாடித் திரிந்துவிட்டுக் குளிர் வந்ததும் எறும்பிடம் போய் நிற்கும் தும்பிக்கு அவர் தந்த அடைமொழி அது. ருஷ்ய வாசகர் அடைமொழியைக் கேட்டவுடனேயே தும்பியை நினைத்துக்கொள்வார். ஆங்கிலேயருக்கு அந்தக் கதை, நம் பள்ளிக் குழந்தைகளுக்கு இருப்பதுபோலவே, எறும்பும் வெட்டுக்கிளியும்தான். எனவே கார்னெட் வெட்டுக்கிளியைத் தலைப்பாக்கினார். கதாநாயகி ஓல்கா இவானவ்னாவைப் பற்றிய தீர்ப்பு இதனால் கொஞ்சம் கனத்துவிட்டது என்பது உண்மை. 'துள்ளித் திரிபவள்' என்பதில் ஒரு செல்லமும் உண்டு, பெண்பாலும் உண்டு. வெட்டுக்கிளியில் இரண்டும் இல்லை.

கேள்வி: புல்ககோவின் நாய் 'ஷாரிக்' மட்டும் ஏன் எந்த மொழிபெயர்ப்பிலும் மாறுவதில்லை?
— வாசகர், சேலம்

பதில்: ஷாரிக் என்றால் சின்ன உருண்டை, ருஷ்யாவில் தெருவுக்குத் தெரு கேட்கும் நாய்ப்பெயர். 1925-இல் எழுதப்பட்டு, சோவியத் நாட்டில் 1987 வரை அச்சேறாமல் இருந்த 'நாயின் இதயம்' குறுநாவலின் தொடக்கத்தில், வெந்நீர் கொட்டி விலா வெந்துபோன பட்டினி நாயை ஒரு பெண் இரக்கத்தோடு இந்தப் பெயரால் அழைக்கிறாள். ஷாரிக் என்றால் உருண்டையாக, கொழுத்து, கஞ்சி குடித்து வளர்ந்த மேன்மக்கள் வீட்டு மண்டு என்றல்லவா பொருள், நானோ எலும்பும் தோலும் என்று நாயே மனத்துக்குள் முணுமுணுக்கிறது. ஆக, பொருளை ஆசிரியரே உள்ளே வைத்துத் தந்துவிட்டார். பெயரை மாற்ற முடியாததற்கு அதைவிடப் பெரிய காரணம் பின்னால் வருகிறது. அறுவை சிகிச்சையால் மனிதனாகிவிட்ட அந்த நாய், எனக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர்தான் வேண்டும் என்று கம்பீரமாகச் சொல்லி 'ஷாரிக்கவ்' ஆகிறது. ஓர் ஆங்கில நாய்ப்பெயரின் வாலில் 'அவ்' ஒட்டவைத்தால் அது ருஷ்யனும் ஆகாது, நாயும் ஆகாது.

இதே ஆசிரியரின் இன்னொரு நாவலில் வரும் பேசும் பூனையின் பெயர் 'பெகெமோத்'. ஆங்கிலத்தில் 'பெஹிமத்' என்று எழுதும்போது விவிலியத்தின் யோபு நூலில் வரும் பெருவிலங்கு கிடைக்கிறது. தமிழ் விவிலியத்தில் அது பிகெமோத். ஆனால் ருஷ்யத்தில் அந்தச் சொல்லுக்கு நீர்யானை என்பதுதான் அன்றாடப் பொருள். பன்றி அளவு பருத்த பூனையை நீர்யானை என்று அழைக்கும் தெருக்கேலி ஆங்கிலத்தில் நுழையவே இல்லை. இதற்கு நல்ல தீர்வு எதையும் நான் பார்த்ததில்லை.

கேள்வி: ருஷ்ய மொழி படித்துவருகிறேன். பயிற்சிக்காக 'தெரெமோக்' என்ற நாட்டுப்புறக் கதையை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கிறேன். 'மிஷ்க்கா-நரூஷ்க்கா' போன்ற பெயர்களை என்ன செய்வது? நரியை 'இட்' என்று எழுதலாமா?
— மாணவர், சென்னை

பதில்: கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கம்: காட்டில் ஒரு சின்ன வீடு. முதலில் எலி குடியேறுகிறது. பிறகு தவளை, முயல், நரி, ஓநாய் என்று ஒவ்வொன்றாக வந்து 'உள்ளே யார்?' என்று கேட்க, உள்ளே இருப்பவை எல்லாம் தங்கள் பெயரை அடைமொழியோடு ஒப்பிக்கின்றன. கடைசியில் கரடி வந்து ஏறி வீட்டையே நசுக்கிவிடுகிறது. எலி வளைவாசி, தவளை க்வாக் என்று கத்துபவள், முயல் ஓட்டக்காரன், நரி சின்னத் தங்கை, ஓநாய் சாம்பல் விலாக்காரன்.

இங்கே பொருளைப் பிடித்துக்கொண்டு ஒலியை விட்டுவிட்டால் கதையே இல்லை. ஒவ்வொரு வருகையிலும் பட்டியல் நீள்வதும், குழந்தை அதைச் சேர்ந்து சொல்வதும்தான் கதை. 'லிகூஷ்கா-க்வகூஷ்கா', 'ஸாய்ச்சிக்-பபிகாய்ச்சிக்' என்று பெயரும் அடைமொழியும் இயைபில் கட்டுண்டு கிடக்கின்றன. எனவே ஆங்கிலத்திலும் இயைபுக்கே முதலிடம் தாருங்கள். தவளைக்கு 'ஃப்ராக் ஃப்ரம் த பாக்' என்று சேற்றைக் கொண்டுவரலாம். கத்தல் போகிறது, தாளம் நிற்கிறது. எலிக்கு 'மவுஸ் இன் த ஹவுஸ்' என்றால் வளை போய் வீடு வருகிறது. வீட்டைப் பற்றிய கதைதானே, அது பொருந்தவே செய்யும். எழுதியதும் உரக்கப் படித்துப் பாருங்கள். ஐந்து பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் எங்கோ ஓர் அசை அதிகம். கரடிக்கு மட்டும் செல்லமான இயைபுப் பெயர் எதுவும் தராதீர்கள். அது அந்த வரிசைக்குள் அடங்காத ஆள்.

'இட்' வேண்டாம். ருஷ்ய நரி பெண். ஆங்கில மரபில் நரி பெரும்பாலும் ஆண். முதல் வாக்கியத்திலேயே 'ஷீ' என்று எழுதிவிட்டால் பிறகு தடையில்லை. இன்னொரு கதையில் நரி, கத்தஃபேய் இவானவிச் என்ற பூனையைத் திருமணம் செய்துகொண்டு, சைபீரியக் காட்டிலிருந்து வந்த அதிகாரி என் கணவர் என்று ஓநாயையும் கரடியையும் மிரட்டுகிறது. அங்கே பால் தவறினால் குடும்பமே குழம்பிவிடும். அந்தக் கதைகளில் நரிக்கு வரும் 'பத்ரிகேயெவ்னா', கரடிக்கு வரும் 'மிஹாய்லோ பதாபிச்' என்ற மரியாதைப் பெயர்களைக் கூடுமானவரை ருஷ்யமாகவே விடுங்கள். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் கரடிக்கு 'ப்ரூயின்' என்று போடுவார்கள். அது மேற்கு ஐரோப்பிய நரிக்கதைகளிலிருந்து வந்த பெயர். அதைப் போட்டவுடன் உங்கள் கரடி ருஷ்யக் காட்டைவிட்டு வெளியேறிவிடும்.

கேள்வி: செபுராஷ்கா என்ற பெயருக்குப் பொருள் உண்டா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: உண்டு. 1966-இல் எதுவார்த் உஸ்பேன்ஸ்கி எழுதிய கதையில், ஆரஞ்சுப் பெட்டிக்குள் தூங்கிப்போய் வந்துசேர்ந்த அந்தப் பிராணி, உட்கார வைத்த இடத்தில் நிற்காமல் மேசையிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் உருண்டு விழுகிறது. 'செபுராஹ்னுத்சா' என்ற பேச்சுவழக்கு வினைக்குக் குப்புற விழுவது என்று பொருள், அதிலிருந்து பெயர். முந்தைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் 'டாப்பிள்' என்றன. ஸ்வீடனில் 'ட்ருட்டன்', ஜெர்மனில் 'குல்லர்ஷன்' என்று விழுவதையும் உருள்வதையும் வைத்தே பெயரிட்டார்கள். டாப்பிள் நல்ல பெயர்தான். ஆனால் பொம்மலாட்டப் படங்களால் உலகெங்கும் முகம் தெரிந்து, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ருஷ்ய அணியின் சின்னமாகவும் ஆகிவிட்ட பிறகு அதன் பெயரை எவரும் மாற்ற முடியாது. இப்போது ஆங்கிலத்திலும் செபுராஷ்காதான்.

கேள்வி: ருஷ்யக் கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும் எங்களைப் போன்றவர்கள், ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட விலங்குப் பெயரை மீண்டும் தமிழாக்கலாமா?
— மொழிபெயர்ப்பாளர், நாகர்கோவில்

பதில்: ஆக்கலாம். ஆனால் ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்து ஆக்கக் கூடாது. மூலத்தில் அந்தப் பெயர் எப்படி இருக்கிறது என்று ருஷ்யம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு சொல்லைக் கேட்பதற்கு யாரும் சலித்துக்கொள்ள மாட்டார்கள். 'ஸ்ட்ரைடர்' என்பதிலிருந்து தமிழுக்கு வந்தால் நெடுநடையான் என்று ஏதோ கிடைக்கும். மூலத்தில் துணி அளப்பது இருக்கிறது என்று தெரிந்தால் 'முழம்போடுவான்' என்று வைக்க உங்களுக்குத் துணிவு வரலாம். நம் பேச்சில் முழம் போடுவது உயிரோடிருக்கும் வழக்கு என்பதால் ஆங்கிலம் கைவிட்டதைத் தமிழ் மீட்டுக்கொள்ள முடிகிறது.

ஆங்கிலம் நம்மைத் தவறான பக்கம் தள்ளிவிடும் இடங்களும் உண்டு. விக்தர் பெலேவின் 1990-இல் வெளியிட்ட ஒரு கதையில் இரண்டு பேர் உலகம், கடவுள், மரணம் என்று தத்துவம் பேசிக்கொண்டே போகிறார்கள். ஒருவர் பெயர் 'ஸத்வோர்னிக்', துறவி, மற்றவர் 'ஷெஸ்திபாலி'. அவர்கள் லூனச்சார்ஸ்கி பெயரால் அமைந்த இறைச்சிக்கோழிப் பண்ணையில் வெட்டுக்குக் காத்திருக்கும் கோழிகள் என்பது வாசகருக்கு மெல்லத்தான் உறைக்கும். ஷெஸ்திபாலி என்றால் ஆறு விரல் உடையவன். ருஷ்யத்தில் 'பாலெத்ஸ்' என்ற சொல் கைவிரலுக்கும் கால்விரலுக்கும் பொது. அதனால் பெயரைக் கேட்டவுடன் மனிதனா பறவையா என்று தீர்மானிக்க முடியாது. ஆசிரியருக்கு வேண்டியதும் அதுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல். ஆண்ட்ரூ ப்ரோம்ஃபீல்டு 'சிக்ஸ்-டோஸ்' என்று கால்விரலைத் தேர்ந்தார். கோழிக்குக் கையில்லை என்பதால் அவருக்கு வேறு வழியும் இல்லை, ஆனால் மறைத்து வைத்திருந்ததன் ஒரு நுனி அங்கே வெளியே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'ஆறு கால்விரலான்' என்று எழுதினால் அந்தக் குறையையும் சேர்த்துச் சுமப்பீர்கள். தமிழில் விரல் என்றாலே இரண்டுக்கும் பொது. 'ஆறுவிரலான்' என்று எழுதிவிட்டு, கால் என்ற சொல்லைக் கதை தானாகச் சொல்லும் பக்கம் வரைக்கும் தள்ளிவையுங்கள்.